எங்கள் தோப்புக்கு மேலே போகும் கம்பிக்கு விலை நிர்ணயிப்பவர்களுக்கு

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருப்பூர் மாவட்டத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி நான். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டுகிறேன். தம்பி விசைத்தறி ஓட்டுகிறான். கிணற்று மோட்டாருக்கு நாங்கள் காசு கட்டுவதில்லை, அதை அரசு மானியமாகக் கட்டுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்க வேண்டியிருக்காது.

தோப்பின் தென்கிழக்கு மூலையில் ஓர் உயர்மின் கோபுரம் நிற்கிறது. அது எந்த நிறுவனத்துடையது என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. மார்கழிப் பனியில் விடியற்காலையில் அந்தப் பக்கம் போனால் கம்பிகள் தேன்கூட்டைப் போல இரைவது கேட்கும். ஒருநாள் இருட்டிய பிறகு மகன் ஒரு டியூப்லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பிக்கு நேர் கீழே போய் நின்றான். எதனோடும் இணைக்காத அந்தக் குழல்விளக்கு அவன் கையிலேயே மங்கலாக எரிந்தது. திண்ணையிலிருந்து அதைப் பார்த்த அம்மா, "இனிமேல் அந்தப் பக்கம் மாட்டைக் கட்டாதே, சாமி" என்று மட்டும் சொன்னார். கோபுரத்துக்கும் கம்பிப் பாதைக்குமாக 17 தென்னைகள் போயின. அந்த இடத்தில் இனி உயரமாக எதுவும் வளர்க்கக் கூடாது. பட்டா என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தை வைத்து வங்கியில் கடன் கேட்கப் போனபோது முகம் கொடுத்துப் பேச ஆளில்லை.

இழப்பீடு கேட்டு அலைந்த நாட்களில் ஓர் அதிகாரி என்னிடம் பொறுமையாகத்தான் பேசினார். "நீங்கள் கேட்பதைக் கொடுத்தால் திட்டச் செலவு ஏறும். அது கடைசியில் மக்கள் கட்டும் மின்கட்டணத்தில்தான் வந்து விழும். அந்த மக்களில் நீங்களும் ஒருவர்தானே" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அந்தக் கணக்கைப் போடுவது யார் என்று தேடியபோதுதான் உங்கள் ஆணையம் இருப்பதே எனக்குத் தெரிந்தது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, மின்சாரத்தைக் கொண்டுசெல்வதற்கான விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. நுகர்வோரின் நலனைக் காக்க வேண்டும், அதே நேரத்தில் செலவு நியாயமான முறையில் திரும்பக் கிடைக்கவும் வேண்டும் என்கிறது 61ஆம் பிரிவு. இரண்டும் சரிதான். ஒரே ஊருக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு வரிசைக் கோபுரம் நட்டுப் போட்டி போட முடியாது. போட்டி இல்லாத இடத்தில் விலையை ஆணையம்தான் கட்டிப்போட வேண்டும்.

எப்படிக் கட்டிப்போடுகிறீர்கள் என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். ஒரு பாதைக்கு 100 கோடி ரூபாய் செலவானால் அதில் 70 கடன், 30 நிறுவனத்தின் சொந்தப் பணம் என்று கணக்கு. கடனுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் கட்டணத்தில் தனித்தனியாக ஏறும். அவை போக, சொந்தப் பணமான 30 கோடிக்கு ஆண்டுதோறும் ஆதாயம் உண்டு. உங்கள் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை 14 சதவீதம் என்று வைத்தன. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 15.5 என்று வைத்திருந்தது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு பயன்பாட்டுக்கு வரும் புதிய பாதைகளுக்கு 15 ஆக்கியிருக்கிறது. 14 என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 4.2 கோடி. முதல் போட்டவருக்கு ஆதாயம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவு கூடினால் ஆதாயமும் கூடும் என்ற ஏற்பாட்டில் செலவைக் குறைக்க நிறுவனத்துக்கு என்ன அவசரம் இருக்கும்?

இனி என் தோப்புக்கு வருகிறேன். நிலக்காரருக்குக் கொடுக்கும் இழப்பீடும் அந்த மூலதனச் செலவில்தான் சேர்கிறது. எனக்கு 1 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30,000 ரூபாய் சொந்த முதலாகக் கணக்கில் ஏறும். அதற்கு 14 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 4,200 ரூபாய். ஒரு மின்பாதையின் ஆயுள் 35 ஆண்டு என்பது மத்திய ஆணையத்தின் கணக்கு. 35 ஆண்டுக்கும் சேர்த்தால் 1,47,000 ரூபாய். அதாவது, என் நிலத்துக்காக எனக்கு ஒருமுறை கொடுத்த 1 லட்சத்தைக் காட்டி, அதைவிட அதிகமான தொகையை ஆதாயமாக மட்டுமே நிறுவனம் உங்கள் அனுமதியோடு வசூலிக்க முடியும். நிலம் என்னுடையது, கோபுரம் நிற்கிற வரை பாதிப்பும் என்னுடையது. ஆண்டு வருமானம் மட்டும் என்னுடையது இல்லை. இந்தக் கணக்கை முதன்முறை போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

செல்போன் கோபுரத்துக்கு இடம் கொடுத்தவருக்கு மாத வாடகை கிடைக்கிறது. எங்களுக்கும் வாடகை கொடுங்கள் என்று கொங்குப் பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்காகக் கேட்கிறார்கள். நிலத்தை வாங்காமலேயே அதன்மேல் கம்பி கொண்டுபோக விடும் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, மரத்துக்கும் பயிருக்கும் மட்டும் கணக்குப் பார்த்தே பல காலம் ஓட்டினார்கள். 2015இல்தான் மத்திய மின் அமைச்சகம், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அது கோபுர இடத்துக்கு 200 சதவீதமாகவும், ஊர்ப்புறத்தில் கம்பிப் பாதைக்கு 30 சதவீதமாகவும் உயர்ந்தது. இத்தனை உயர்த்த முடியும் என்றால், அதற்கு முன்பு எங்களிடம் குறைத்துக் கொடுத்த தொகைதான் மின்கட்டணத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது என்று அர்த்தமாகிறது. அந்த மானியத்தை எந்தச் சட்டசபையும் நிறைவேற்றவில்லை. எங்கள் தோப்புகள் கொடுத்தன.

நான் கோபுரமே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை. ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் ஓடத் தயாராக இருந்தும், மின்சாரத்தைக் கொண்டுபோகப் பாதை போதாமல் நிறுத்திவைத்த காலம் உண்டு. தெற்கே பிடிக்கிற காற்று திருப்பூர்த் தறிக்கு வர வேண்டுமானால் இடையில் யாருடைய வயலையாவது தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டுவதற்கு முன்பு இந்தப் பாதை தேவைதானா, இருக்கிற பாதையிலேயே கம்பியை மாற்றிக் கூடுதல் மின்சாரம் கொண்டுபோக முடியாதா என்று யார் கேட்பது? நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் பாதை போடுவதற்கு முன்பே. போட்டு முடித்த பிறகு செலவை ஆராய்வதில் என் 17 மரத்துக்கு ஒரு பலனும் இல்லை. மத்திய விதிகளின்படி ஒரு பாதை 98 சதவீத நேரம் தயார்நிலையில் இருந்தாலே முழுக் கட்டணமும் உண்டு. அதில் எவ்வளவு மின்சாரம் போனது என்ற கேள்வி இல்லை. தேவைக்கு மிஞ்சிப் போட்ட பாதைக்கும் ஊரே சேர்ந்து காசு கட்டும்.

2022 ஆகஸ்டில் கோவையில் நீங்கள் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். அன்று, உயர்மின் பாதைகளை நடத்தும் அரசு நிறுவனமான மின் தொடரமைப்புக் கழகத்தின் மனுவும் விசாரணையில் இருந்தது. நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் பேசிய எல்லோரும் நிலைக் கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் பற்றித்தான் பேசினார்கள். கோபுரமும் கம்பிப் பாதையுமான தொடரமைப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. மின்கட்டண அட்டையில் தனி வரியாக வராத ஒன்றைப் பற்றி என்னவென்று கேட்பது? அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த உங்கள் ஆணை 2026-27 வரைக்கும் வழி வகுத்துவிட்டது. ஜூலை வந்தால் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து, 6 சதவீதத்துக்கு மிகாமல் கட்டணம் ஏறும் ஏற்பாடு அதில் இருக்கிறது. அடுத்த ஆணையில் தொடரமைப்புக்கு அந்த அளவுகோல் வேண்டாம். பத்து ஆண்டுக்கு முன்பு நட்ட கோபுரத்தின் தேய்மானம் தக்காளி விலையோடு ஏறுவதில்லை. ஆள் கூலியும் பராமரிப்பும்தான் ஏறும். அதற்கு மட்டும் கொடுங்கள்.

நீண்ட காலத்துக்கு ஒரேயடியாக விலை வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பிரிட்டனில் 2013இல் 8 ஆண்டுக்கும் சேர்த்து விலை வைத்தார்கள். நிறுவனங்கள் அளவுக்கு மீறிய லாபம் பார்த்துவிட்டன என்ற கண்டனம் எழுந்தது. 2021இல் தொடங்கிய அடுத்த சுற்றை 5 ஆண்டாகக் குறைத்துக்கொண்டார்கள். நம் கட்டணச் சுற்றிலும் நடுவில் ஒருமுறை நிறுத்தி, சொன்ன செலவையும் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மக்களுக்குக் காட்ட வேண்டும்.

2027 ஏப்ரலுக்கான மனு உங்கள் முன் வரும்போது, நிலக்காரருக்குக் கொடுக்கும் தொகையை மூலதனத்தில் சேர்த்து அதன்மேல் நிறுவனத்துக்கு ஆதாயம் கொடுப்பதை நிறுத்துங்கள். அதை ஆண்டு வாடகையாக்கி, பராமரிப்புச் செலவைப் போல நேராகக் கட்டணத்தில் ஏற்றுங்கள். அதனால் என் வீட்டுக் கட்டணம் சில காசு ஏறினால் கட்டுகிறேன். ஒவ்வொரு பாதையின் மொத்தச் செலவில் நிலத்துக்குப் போனது எத்தனை சதவீதம் என்று வெளியிடுங்கள். எங்களுக்குக் கொடுத்தால்தான் கட்டணம் ஏறும் என்ற பேச்சு எவ்வளவு உண்மை என்பது அதில் தெரிந்துவிடும். தொடரமைப்பு மனுவின் சாரத்தை இருபது பக்கத்துக்குள், தமிழில், கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்கச் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பட்டா நகலோடும் இந்தக் கணக்குத் தாளோடும் வருவேன். எங்கள் ஊரிலிருந்து இன்னும் நான்கு தோப்புக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொடரமைப்புக்கென்று அரை நாள் தனியாக ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் மாவட்டத்துத் தென்னை விவசாயி ஒருவர், மின் நுகர்வோர்