தாலின் குதிரைப் பலியும் போட்வின்னிக்கின் பதிலும்

ஆசிரியருக்கு,

வணக்கம். 1960ஆம் ஆண்டு மாஸ்கோவில் மிகைல் தாலும் மிகைல் போட்வின்னிக்கும் மோதிய உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இவ்வளவு பழைய போட்டி ஒன்றுக்குத் தமிழ் இதழில் இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆயினும், மந்திரவாதியான தால் விஞ்ஞானியான போட்வின்னிக்கை ஏமாற்றி வென்றார், மறு ஆண்டே விஞ்ஞானி கணக்கைத் தீர்த்துக்கொண்டார் என்கிற அளவில் கட்டுரையாளர் விஷயத்தை முடித்துவிட்டது எனக்கு உடன்பாடாக இல்லை. எங்கள் ஊர்ச் சதுரங்க நண்பர்கள் இதைக் குறித்து ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். பெரும்பாலோர் கட்டுரையாளர் பக்கமே நின்றார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருவரின் ஆட்டப் போக்கும் வேறுபட்டது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. போட்வின்னிக் மின்பொறியாளர், அப்போது 48 வயது, 1948இல் பட்டம் வென்று, இடையில் ஸ்மிஸ்லோவிடம் ஓராண்டு இழந்ததைத் தவிரத் தொடர்ந்து அதைக் கையில் வைத்திருந்தவர். தன் ஆட்டங்களைத் தானே இரக்கமில்லாமல் ஆராய்ந்து, அடுத்த போட்டிக்கு அதிலிருந்து ஆயத்தம் செய்பவர். ரீகா நகரத்து இளைஞரான தாலுக்கு 23 வயது. முந்தைய ஆண்டுத் தகுதிப் போட்டியில் பாபி ஃபிஷரை நான்கு ஆட்டங்களிலும் தோற்கடித்துவிட்டு வந்திருந்தார். காய்களைப் பலி கொடுத்து, அதாவது எதிராளி வெட்டும்படி வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, பலகையைக் கலக்கிவிடுவது அவருக்குக் கைவந்த கலை. எனினும் 21 ஆட்டங்களில் 12.5-8.5 என்று அவர் வென்றதற்கு இந்தக் கலை ஒன்றே காரணம் என்று எழுதுவது சரியாகாது.

கட்டுரையாளர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கும் ஆறாவது ஆட்டத்தையே முதலில் பார்ப்போம். கறுப்புக் காய்களுடன் ஆடிய தால், 21ஆவது நகர்த்தலில் தன் குதிரையைச் சிப்பாய் வெட்டும்படியாக எஃப் 4 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். புஷ்கின் நாடக அரங்கில் கூடியிருந்த ரசிகர்களின் ஆரவாரம் அடங்காததால், நடுவர்கள் ஆட்டத்தை மேடைக்குப் பின்னால் இருந்த ஓர் அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மூன்று நகர்த்தல்கள் கழித்துத் தால் ஒரு சிப்பாயை எஃப் 3க்குத் தள்ளியபோது, இரு தரப்பு ராணிகளும் ஒரே சமயத்தில் வெட்டுப்படும் நிலையில் நின்றன. போட்வின்னிக் யானையால் எதிராளியின் ராணியை வெட்டினார். அதற்குப் பதிலாக மந்திரியால் அந்தச் சிப்பாயை வெட்டியிருந்தால் வெள்ளைக்கே வெற்றி என்பது பின்னர் ஆராய்ச்சியில் தெரிந்தது. கட்டுரையாளர் இதைக் கணினியில் போட்டுப் பார்த்து, பலி பிழையானது, ஆகவே வெற்றி தற்செயலானது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

முதல் பாதி சரி; இரண்டாவது பாதியைத்தான் ஏற்க முடியவில்லை. இரண்டரை மணி நேரத்தில் 40 நகர்த்தல்களை முடித்தாக வேண்டும் என்ற விதிக்குக் கீழே, எதிரிலுள்ள ராணியை வெட்டுவது என்ற இயல்பான நகர்த்தலை விட்டுவிட்டு, தன் ராணிக்கும் யானைக்கும் என்ன ஆகும் என்று நாலைந்து நகர்த்தல் ஆழத்துக்குப் பார்த்து ஒரு சிப்பாயை வெட்டும் முடிவுக்கு வருவது எளிதன்று. அந்தச் சுமையை 48 வயதுக்காரர் தலையில் ஏற்றியதுதான் தால் அந்த நகர்த்தலில் செய்த காரியம். பலி சரியா பிழையா என்ற கேள்வியைக் கணினி தீர்க்கலாம். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து கடிகாரத்தோடு போராடும் போட்டியில், பலகை எந்த வகையான நிலையில் நிற்கப்போகிறது என்பதை யார் தீர்மானித்தார் என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது.

இதே போட்டியின் ஒன்பதாவது ஆட்டத்தைக் கட்டுரை அடியோடு விட்டுவிட்டது. போட்வின்னிக் கறுப்புக் காய்களுடன் ஆடிய கரோ-கான் தற்காப்பு என்ற தொடக்க முறைக்கு எதிராகத் தால் மீண்டும் ஒரு குதிரையைப் பலி கொடுத்தார், இம்முறை 11ஆவது நகர்த்தலிலேயே. போட்வின்னிக் பதறாமல் காயைப் பெற்றுக்கொண்டு, தாக்குதல் ஓய்ந்த பின் நிதானமாக வென்றார். எட்டாவது ஆட்டமும் அவருக்கே. ஏழு ஆட்டங்கள் முடிவில் 5-2 என்றிருந்த நிலை இவ்வாறு 5-4 ஆக நெருங்கியது. அதன் பிறகு தால் என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். பதினோராவது ஆட்டத்தில் வழக்கமான ராஜாவின் சிப்பாயை விட்டுவிட்டுக் குதிரையை முதலில் எடுத்து வைத்து, ஆரவாரமே இல்லாத நிலையில், சிறு சிறு அனுகூலங்களைச் சேர்த்து வென்றார். பத்தொன்பதாவது ஆட்டத்தில் டச்சுத் தற்காப்பு என்ற இன்னொரு தொடக்க முறையை உடைத்ததும் அப்படியே. பெயரை மறைத்துக் காட்டினால் இவ்விரண்டையும் போட்வின்னிக்கின் ஆட்டங்கள் என்றே பலர் சொல்வார்கள்.

1961 மறு போட்டியைப் பற்றிக் கட்டுரையில் ஒரே பத்திதான். தாலின் சிறுநீரக நோயே தோல்விக்குக் காரணம் என்று அது முடிகிறது. நோய் உண்மைதான், வாழ்நாள் முழுதும் அவரை அது விடவில்லை. ஆனால் எண்களைச் சற்றுப் பாருங்கள். முதல் போட்டியின் 21 ஆட்டங்களில் 13 சமன். மறு போட்டியிலும் 21 ஆட்டங்கள், சமன் வெறும் ஆறு. போட்வின்னிக் வென்றவை பத்து, தால் வென்றவை ஐந்து, மொத்தம் 13-8. வறட்டு ஆட்டக்காரர் என்று கட்டுரை முத்திரை குத்தியவர் ஆடிய போட்டியில்தான் வெற்றி தோல்விகள் மலிந்து கிடக்கின்றன. அந்த ஓராண்டில் அவர் தாலின் ஆட்டத்தை ஒரு பொறியியல் சிக்கலைப் போல எடுத்துக்கொண்டு, ராணிகள் சீக்கிரம் வெளியேறும் நிலைகளையும் நீண்ட இறுதிக்கட்டங்களையும் நாடிப் போனார். தாலோ அதே கரோ-கானுக்கு எதிராகச் சிப்பாயை முன்னே தள்ளும் ஒரே வழியைத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தார். முந்தைய ஆண்டின் பதினோராவது ஆட்டத்தில் காட்டிய நெகிழ்வை அவர் இங்கே ஏன் கைவிட்டார் என்று ஆராய்ந்திருந்தால் கட்டுரை இன்னும் கனத்திருக்கும். பட்டம் இழந்தவருக்கு மறு போட்டி உண்டு என்ற விதியை இதற்குப் பின் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு நீக்கிவிட்டது. 1963இல் பெட்ரோசியனிடம் தோற்ற போட்வின்னிக்குக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தால் என்ற பெயர் சென்னைக்குப் புதிதன்று என்பதால் இன்னொன்றையும் குறிப்பிடுகிறேன். சோவியத் கலாசார மையத்தில் அவர் பெயரால் இயங்கிய கழகத்தில் சிறுவனாக ஆடிப் பழகியவர்தான் விஸ்வநாதன் ஆனந்த். 2013 நவம்பரில் சென்னையில் கார்ல்சனிடம் அவர் 6.5-3.5 என்று பட்டம் இழந்தபோதும், இயந்திரம் போன்ற இளைஞர் படைப்பாளியைச் சாய்த்தார் என்ற ரீதியில்தான் பலரும் பேசினார்கள். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் எல்லாக் காய்களையும் ராஜா பக்கம் திருப்பித் தாக்கியபோது, தற்காத்துக்கொண்டே தன் சிப்பாயை ராணியாக்கும் அளவுக்குக் கார்ல்சனுக்குத் துணிச்சல் இருந்ததை அந்தப் பேச்சில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கட்டுரையோடு ஆறாவது ஆட்டத்தின் நகர்த்தல்களை அச்சிட்டிருந்தீர்கள். இடம் இருக்குமானால், அடுத்த இதழில் 1960இன் பதினோராவது ஆட்டத்தையும், மறு போட்டியில் போட்வின்னிக் வென்ற ஏதேனும் ஓர் ஆட்டத்தையும் பலகைப் படங்களுடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் நண்பர் குழுவில் வாதம் இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்