அந்த மணியம்மை வேறு, இந்த மணியம்மை வேறு

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை பேச்சுப் போட்டியில் நடந்ததை நீங்கள் மேடையிலிருந்து பார்த்தீர்கள், நான் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். அதனால் முழுக் கதையும் சொல்லவில்லை.

'உழைப்பவர்களுக்காக வாழ்ந்த பெண்' என்பதுதான் நீங்கள் கொடுத்த தலைப்பு. என் தங்கை மகள் மணலூர் மணியம்மையைப் பற்றிப் பேசினாள். ஒன்றரை நிமிடத்தில் மணி அடித்துவிட்டது. "மணியம்மை பெரியாரோட மனைவிம்மா. வேட்டி கட்டினாங்கன்னு யாரு சொன்னா?" என்று நடுவர் மைக்கிலேயே கேட்டார். அரங்கம் சிரித்தது. பிள்ளை கையிலிருந்த தாளை நாலாக, எட்டாக மடித்து, அதற்குமேல் மடிக்க முடியாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு இறங்கினாள். "நான் தப்பா சொல்லிட்டேனா பெரியம்மா?" என்று கேட்டாள்.

அவள் தப்பாகச் சொல்லவில்லை, ஐயா. பெரியாருக்குப் பிறகு திராவிடர் கழகத்தை நடத்திய மணியம்மையார் வேறு. மணலூர் மணியம்மை கீழத்தஞ்சைக்காரர். பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். முடியைக் கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு சேரிக்குள் போனார். காங்கிரஸிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்து, பண்ணையாட்களைச் சங்கத்தில் சேர்த்தார். பண்ணையாரை எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, குடிக்கச் சாணி கரைத்த சாணிப்பால் என்றிருந்த காலம் அது. என் தாத்தா முதுகில் அந்தத் தழும்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படி ஊர் ஊராகச் சங்கம் கட்டியதன் பலனாகத்தான் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே மணியம்மை மான் முட்டி இறந்துபோனார். பிள்ளை தன் பேச்சில் இதுவரை வந்திருந்தால் இதற்கும் சிரித்திருப்பீர்களோ என்னவோ.

தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாததைப் பிள்ளையின் தப்பாக்கியதுதான் பொறுக்கவில்லை. சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தன் பெருமையைப் பேசினாரே, அவருக்கு மணி அடிக்க ஆள் இல்லையா? பெண்களைப் போற்றுவோம் என்று பேனர் வேறு!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். நான் கேட்பது இரண்டே: தான் சொன்னதுதான் பிழை என்று நடுவர் அதே மைக்கில் சொல்ல வேண்டும். அவளுக்கு முழு ஐந்து நிமிடம் தர வேண்டும். பரிசு வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. தயவுசெய்து ஒரு தேதி சொல்லுங்கள், அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
மாணவியின் பெரியம்மா