கூடுதலாக வந்த 23 சென்டிமீட்டர்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
தேவகோட்டை, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
பாய்மரப் படகு தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: டிரெய்லரில் இழுத்துச் செல்லத்தக்கது என்று விற்கப்பட்ட 22 அடிப் பாய்மரப் படகு, ஒப்புக்கொண்ட அகலத்தைவிட 23 சென்டிமீட்டர் கூடுதலாக வந்திருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆவணி மாதம் உங்கள் தளத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய படகு இன்றுவரை என் வீட்டுக்குள் நுழையவில்லை. ஊர் எல்லையில் என் மைத்துனருடைய அரிசி ஆலைக் களத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. நெல் காயப்போடும் இடத்தை அடைத்துக்கொண்டு எத்தனை நாள் நிற்கும் என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது. காரணத்தை உங்கள் விற்பனைப் பிரிவுக்கு நான்கு முறை தொலைபேசியிலும் இரண்டு முறை மின்னஞ்சலிலும் தெரிவித்துவிட்டேன். அகலம் கொஞ்சம் கூடியிருந்தால் உங்களுக்கு நல்லதுதானே என்ற ஒரே பதில்தான் வருகிறது. அது நல்லதல்ல என்பதை விளக்கி, இம்முறை உங்களுக்கே எழுதுகிறேன்.

தை மாதம் நான் முன்பணம் கட்டியபோது உங்கள் கையேட்டில் இருந்தவை இவை: நீளம் 6.7 மீட்டர், அகலம் 2.5 மீட்டர், எடை 850 கிலோ. அவற்றின் மேலே பெரிய எழுத்தில் 'உங்கள் காரிலேயே டிரெய்லரில் இழுத்துச் செல்லலாம்' என்ற வாசகம். அதே அளவுகள் உங்கள் மேலாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் உள்ளன. வந்த படகை நானும் ஒரு கொத்தனாரும் இருபுறமும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் 2.73 மீட்டர். விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைக் கழற்றிவிடுங்கள் என்று உங்கள் அலுவலர் யோசனை சொன்னார். பட்டையை விட்டுவிட்டு உடலை மட்டும் அளந்தாலும் 2.67 வருகிறது. துறையில் பக்கத்துப் படகு உரசும்போது காப்பாற்றுவதே அந்தப் பட்டைதான். அதைக் கழற்றச் சொல்வது எனக்கு ஆறுதலாக இல்லை.

சாலையில் போகும் படகின் அகலத்தைத் தீர்மானிப்பது கடல் அல்ல, சாலை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 93-வது விதி, வாகனத்தின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அகலம் என்பது இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி முனைகளுக்கு இடைப்பட்ட தூரம். நீங்கள் சொன்ன 2.5 மீட்டர் அதற்குள் அடங்கும், 10 சென்டிமீட்டர் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தை நம்பித்தான் வாங்கினேன். இப்போது என் டிரெய்லரின் அகலம் சக்கர மூடிகளையும் சேர்த்து 2.45 மீட்டர். அதன்மேல் உங்கள் படகு ஏறினால் ஒவ்வொரு பக்கமும் 14 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சுமை பக்கவாட்டில் அனுமதித்த அளவைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம். இறக்கி வைக்கும் செலவும் ஓட்டுபவர் தலையில்தான். அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. திருவாடானை வழியாக, நான் படகு இறக்கப்போகும் தொண்டிக் கடற்கரைக்குப் போகும் சாலையில் எதிரே பஸ் வரும்போது இருசக்கர வாகனத்தில் ஓரமாக ஒதுங்குகிறவரின் தோள் உயரத்தில்தான் இந்தப் படகின் விளிம்பு வரும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கையேட்டில் சரியாகத்தான் போட்டிருந்தது என்று நான் யாரிடம் சொல்ல முடியும்?

என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் செட்டிநாட்டு வீடு அது. பின்வாசல் வண்டிக்காக வைத்தது. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே 2.75 மீட்டர். படகுக்கான கொட்டகையை அந்தப் பின்கட்டில்தான் போட்டேன், 2.5 மீட்டரை மனத்தில் வைத்து. பக்கத்துக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் இடம் கிடைக்கும், மெதுவாகப் பின்னோக்கித் தள்ளினால் நுழைந்துவிடும் என்று சாக்கட்டியால் தெருவில் கோடு போட்டே பார்த்திருந்தேன். இப்போது பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது. ஒடுங்கிய தெருவில் திருப்பி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் எந்த ஓட்டுநராலும் ஏற்ற முடியாது. தூணை இடிக்கலாமே என்றும் உங்கள் அலுவலர் கேட்டார். அது எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய்ச் சம்பாதித்த பணத்தில் நிறுத்திய தூண். அந்தக் கேள்வியை அவர் இனி எந்த வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டாம். எங்கள் ஊர்த் தச்சர்கள் நிலையை அளந்துவிட்டுத்தான் கதவு செய்கிறார்கள்.

அடுத்தது உங்கள் தொழில்நுட்பப் பிரிவின் விளக்கம். புதிய அச்சில், அதாவது படகின் உடலை வார்க்கும் மோல்டில், அகலம் கூடியதால் படகு சாயாமல் நிற்கும், உறுதித்தன்மை 30 சதவீதம் கூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகள் பினாங்கில் வேலை பார்த்தபோது வார இறுதிகளில் பாய் இழுத்துக் கற்றவன் நான். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். நீர்மட்டத்தில் படகு எவ்வளவு அகலமோ, அதன் மூன்றாம் படியை ஒட்டி, சாயவிடாமல் தாங்கும் அந்த உருவ உறுதி கூடும். 2.5-ஐ 2.73 ஆக்கினால் 30 சதவீதம் என்பது பெருக்கலில் சரியாகவே வரும். ஆனால் அந்த அகலம் தண்ணீரைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டும். நீங்களே நீலத்தில் பூசி அனுப்பிய நீர்மட்டக் கோட்டில் அளந்தேன்: 2.08 மீட்டர். கையேட்டின் வரைபடத்தில் அதே இடம் 2.05. உண்மையான கூடுதல் உறுதி நாலரை சதவீதம்தான். மீதி அகலம் முழுவதும் தண்ணீருக்கு மேலே, உள்ளே இரண்டு இருக்கைகளைத் தாராளமாக வைப்பதற்காக வெளியே தள்ளிய பக்கச்சுவரில் போயிருக்கிறது. நான் கேட்டது இருக்கை அல்ல. எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது 960 கிலோ இருந்தது. அந்த 110 கிலோவும் என் காரின் கொக்கியில்தான் தொங்கப்போகிறது.

நீர்மட்டத்தில் உண்மையாகவே அகலம் கூடியிருந்தாலும் நான் அதை விரும்பியிருக்க மாட்டேன். அகலமான உடல் தண்ணீரைத் தேய்க்கும் பரப்பும் அதிகம். காற்று மந்தமாக இருக்கும் காலை நேரத்தில் அது நகராது. பலத்த காற்றில் சாய்ந்தால் சுக்கானை மீறி அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றை நோக்கித் திரும்பும். கவிழ்ந்துவிட்டால், தலைகீழாகவும் அது உறுதியாகவே மிதக்கும். நிமிர்த்துவது கடினம். சிறுவர்களை ஏற்றிக்கொண்டு போக நினைப்பவன் இதையெல்லாம் பார்க்காமல் இருக்க முடியுமா?

பாக் நீரிணைக்காரர்களுக்கு இது புதிய செய்தியும் அல்ல. ஒடுக்கமான படகில் பெரிய பாய் கட்டி ஓடிய பழைய நாட்களில் இங்கே உடலை அகலமாக்கவில்லை. காற்றடிக்கும் பக்கம் ஒரு பலகையை வெளியே நீட்டி, அதில் ஆள்கள் ஏறி நின்று சமன்செய்தார்கள். மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இதைப் பதிவு செய்திருக்கிறார். வேண்டியபோது நீளும், வேண்டாதபோது உள்ளே வந்துவிடும் அகலம் அது. அதே எண்ணம்தான் நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபாரியர் வடிவமைத்த மூவுடல் படகுகளிலும் இருக்கிறது. அவருடைய எஃப்-27 விரித்தால் 19 அடி அகலம், பக்க உடல்களை மடக்கினால் எட்டரை அடிக்குள் அடங்கி டிரெய்லரில் ஏறிவிடும். எட்டரை அடி என்பது அவர் இஷ்டத்துக்கு வந்த எண் அல்ல. அமெரிக்காவில் 8 அடியாக இருந்த சாலை வரம்பு 1982-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 102 அங்குலமானது, அதாவது எட்டரை அடி. ஆஸ்திரேலியாவில் அது நீண்ட காலம் 2.5 மீட்டராக இருந்தது. 1969-இல் வந்த கேட்டலினா 22 படகின் அகலம் 7 அடி 8 அங்குலம். 1970களில் வந்த ஜே/24 நல்ல பந்தயப் படகுதான், ஆனால் 8 அடி 11 அங்குலம், அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதே நிறுவனம் 1980களில் கொண்டுவந்த ஜே/22-இன் அகலம் சரியாக 8 அடி. உலகம் முழுவதும் இந்தத் தொழில் சாலையின் வரம்பை முதலில் பார்க்கிறது. உங்கள் கையேடும் பார்த்திருக்கிறது. கையேட்டுக்குப் பிறகு செய்த அச்சு அதை மறந்துவிட்டது.

அதிக அகலச் சுமைக்குத் தனி அனுமதி வாங்கி ஓட்டலாம் என்பது உங்கள் பிரிவின் கடைசி யோசனை. சனிக்கிழமை காற்று நன்றாக இருக்கிறது என்று வெள்ளி மாலை தெரிந்தவுடன் கொக்கியை மாட்டிப் புறப்படத்தான் டிரெய்லர் படகு. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போக ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பதென்றால் அந்தச் சொல்லுக்கே பொருள் இல்லை. தொண்டியிலேயே நிறுத்திவிடுங்கள் என்றும் சொன்னார்கள். வாடைக்காற்று எழும்பும் மாதங்களில் அந்தக் கரையில் ஆளில்லாமல் ஒரு படகை விட்டுவைக்க எனக்கு மனம் வராது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போனேன். கரையில் ஏற்றிவைத்த படகுகளே ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடைந்து கிடந்தன. அவற்றை நம்பிப் பிழைத்தவர்கள் அருகில் உட்கார்ந்திருந்தார்கள். புயல் அறிவிப்பு வந்தவுடன் படகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். இத்தனை பணம் கொடுத்து டிரெய்லர் படகைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கையேட்டில் உள்ள பழைய அச்சில், ரப்பர் பட்டையும் வெளியே நீட்டும் பொருத்துகளும் சேர்ந்து 2.5 மீட்டரைத் தாண்டாத உடலைச் செய்து கொடுங்கள். பாய், பாய்மரம், சுக்கான் மூன்றிலும் எனக்குக் குறையே இல்லை. குறிப்பாக, பாய் தைத்தவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவற்றை அப்படியே புதிய உடலில் பொருத்தலாம். அது முடியாதென்றால் படகைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும், இறக்குவதற்கு நான் கொடுத்த கிரேன் வாடகையையும் திருப்பித் தர வேண்டும். தள்ளுபடி தருவதாகச் சொன்னதை ஏற்க மாட்டேன். விலை குறைவதால் படகின் அகலம் குறையாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அளந்தபோது எடுத்த படங்களும், எடைமேடைச் சீட்டும், ஒப்பந்த நகலும் இத்துடன் உள்ளன.

பதிலோடு உங்கள் வடிவமைப்பாளரையும் ஒரு நாள் அனுப்பிவையுங்கள். அளவு நாடாவை அவரே பிடிக்கட்டும். படகைப் பார்த்த பிறகு பின்வாசலையும், அங்கிருந்து தொண்டித் துறை வரையுள்ள சாலையையும் அவருக்குக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தேவகோட்டை.