40 லட்சத்துக்குள் விற்றால் கணக்கே வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பகலில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் தண்டையார்பேட்டையில் என் வீட்டிலேயே நைட்டி தைத்து விற்பவள் நான். எங்களைப் போன்றவர்களிடையே, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை வரியைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த 40 லட்சம் என்பது தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களின் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு மட்டுமே. வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியைத் தைத்துக் கூலி வாங்கினால் அது சேவையாகிவிடும், அதற்கு வரம்பு 20 லட்சம். பெங்களூரில் இருக்கும் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார் என்று எம்.சி. ரோட்டில் துணி எடுத்துத் தைத்த பத்து நைட்டிகளை நான் பார்சலில் அனுப்பவிருந்தபோதுதான், வெளிமாநிலத்துக்கு இவ்வாறு விற்பதானால் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முதலில் ஜிஎஸ்டி பதிவு பெற்றாக வேண்டும் என்பது தெரியவந்தது. பார்சல் கட்டியபடியே வீட்டில் கிடந்தது.

வருமான வரிக்கும் இந்த வரம்புகளுக்கும் தொடர்பே இல்லை. சம்பளத்துக்கு வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐடிஆர்-1 படிவத்தில் தொழில் வருமானத்தைக் காட்ட இடமில்லை என்பதை அறியாமல் அதையே தாக்கல் செய்து, பிறகு ஐடிஆர்-4 படிவத்தில் திருத்தித் தாக்கல் செய்தேன். விற்பனையில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் கொள்ளும் உத்தேச வருமான முறையில், ஆண்டு விற்பனை 3,60,000 ரூபாயில் ஜிபே போன்றவற்றில் வந்த 2,80,000-க்கு 6 சதவீதமும் ரொக்கமாக வந்த 80,000-க்கு 8 சதவீதமும், ஆக 23,200 ரூபாயைக் குறைந்தபட்ச லாபமாகக் காட்ட வேண்டியிருந்தது. புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு என்பதால் வரி வராமல் போகலாம். அதற்காகக் காட்டாமல் விட முடியாது. ஜிபேயில் வந்ததையும் ரொக்கமாக வந்ததையும் பிரித்தெடுக்கத்தான் எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நைட்டி விற்ற பணம், சீட்டுப் பணம், தங்கை திருப்பித் தந்த கைமாற்று எல்லாம் ஒரே பாஸ்புக்கில் கலந்து கிடந்தன. தொழிலுக்கென்று தனிக் கணக்கு தொடங்கியிருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

பெயரும் குழப்புகிறது. சம்பளத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை ‘தொழில் வரி’ என்று பிடித்து மாநகராட்சிக்குக் கட்டுகிறார்களே, அதிலேயே என் தையல் தொழிலும் அடங்கிவிட்டது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் அப்படி நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் மார்ச் மாதத் தொடக்கத்தில், வருமான வரியை முன்கூட்டியே செலுத்த வேண்டியவர்களுக்கான 15-ஆம் தேதி வருவதற்குள், படிவத்தின் பெயரும் என்னுடையதைப் போன்ற ஒரு மாதிரிக் கணக்கும் கொண்ட ஒரு பக்கத்தைத் தங்கள் நாளிதழ் எளிய தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.