எந்தக் காலாண்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வணிகப் பக்கத்தில் 'முதல் காலாண்டு லாபம்' என்று செய்தி போடும்போது, எந்த மூன்று மாதம் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

'குவார்ட்டர்' என்றால் நான்கில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆண்டை நாலாகப் பிரிப்பதால் மூன்று மாதம் வருகிறது. நம் காலாண்டும் அப்படித்தான், கால் பங்கு ஆண்டு. சரி, அந்த ஆண்டு எப்போது தொடங்குகிறது? இங்குள்ள பெரும்பாலான நிறுவனங்களுக்கு ஏப்ரலில். ஆப்பிள் நிறுவனத்துக்கோ அக்டோபர் வாக்கில். அதனால் அக்டோபர்–டிசம்பர் கணக்கு ஜனவரியில் வெளிவரும்போது, அது அவர்களுக்கு முதல் காலாண்டு, நம் நிறுவனங்களுக்கு மூன்றாம் காலாண்டு. மாதங்கள் என்னவோ ஒன்றுதான்.

என் அப்பா அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் போட்டிருக்கிறார். 'நான்காம் காலாண்டு வட்டியில் மாற்றமில்லை' என்று படித்துவிட்டு, பாஸ்புக்கும் கையுமாக வந்து, "அக்டோபரில் இருந்தாப்பா?" என்று கேட்டார். செய்தியின் ஓரத்தில் 'ஜனவரி–மார்ச்' என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். இரண்டே மாதப் பெயர்கள், தலைப்பிலேயே அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்