படம் பார்த்தாச்சு, இனி நாவல்

வணக்கம் உறவுகளே,

‘பொன்னியின் செல்வன்’ படம் பார்த்தாச்சு, கதை தெரியும், இனி ஏன் வாசிப்பான் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ஐந்து பாக நாவல் அது. இரண்டு பகுதியாக வந்த ஐந்தரை மணித்தியாலப் படத்தில் எவ்வளவுதான் அடங்கும்?

இம்மாத வாசிப்புக்கு நாவலின் இரண்டாம் பாகம் ‘சுழற்காற்று’ மட்டும் எடுப்போம். அதில் நிறைய அத்தியாயங்கள் எங்கட இலங்கைத் தீவில்தான் நடக்கின்றன. கதை ஆனையிறவுக்கு வரும் இடத்தில் அவசரப்படாதீர்கள். நாம் ஏ9 வீதியால் பஸ்ஸில் கடக்கிற அதே இடம். யானையும் படகோட்டிப் பெண் பூங்குழலியும் அங்கே வரும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடிகர்களின் முகம் மனதில் வந்தாலும் பரவாயில்லை, வாசியுங்கள்.

புத்தகம் இல்லாதவர்களுக்கு மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு மாங்குளத்தில் சந்திப்போம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.