நம்பிக்கை மையத்து ஆலோசகர் அக்காவுக்கு

கர்ப்பகாலப் பரிசோதனையில் எனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்ததும், தொற்றுள்ளவர்களுக்குச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்திருந்தும், முதலில் பார்த்த மருத்துவமனை என்னைக் கைவிட்டது.

அக்கா, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் நீங்கள் கதவைச் சாத்திவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றக்கூடியது, எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தாய் தவறாமல் உட்கொண்டால் ஐந்துக்கும் கீழே குறைந்துவிடும் என்று தாளில் எழுதிக் காட்டினீர்கள். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

யாரும் கேட்காமலே விடுமுறை நாளில் பிரசவ அறைக்கு வந்து என் அருகில் நின்றீர்கள். குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை எந்த அளவுவரை உறிஞ்ச வேண்டும் என்று சிரிஞ்சின் மேல் பேனாவால் கோடிட்டுத் தந்தீர்கள். ஆறாவது வாரத்தில் தொற்றுப் பரிசோதனைக்காக என் மகளின் குதிகாலில் குத்தி அட்டையில் இரத்தப் பொட்டுகள் எடுத்தபோது, அவள் காலை நீங்களே பிடித்துக்கொண்டீர்கள். இத்தகைய பணியைச் செய்வோர் பலர் ஒப்பந்த ஊழியர்களாகவே இருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

நீங்கள் மாற்றலாகிச் சென்றுவிட்டதால் நேரில் சொல்ல முடியவில்லை. 18 மாதங்கள் நிறைந்தபின் செய்த இறுதிப் பரிசோதனையிலும் என் மகளுக்குத் தொற்று இல்லை, அக்கா. இப்பதிவு உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.